செலினாக்காவின் அரைச்சுவர்

சுரேந்திரனும் சுமனும் ஒரே அறையில் உட்கார்ந்து கீழ்க்கணக்குத் தோட்டத்து ஓட்டுகளைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள் என்பதுதான் கதை. தண்ணீர்ப் பீலியடியில் குடம் நிறையும் நேரத்தில் அது வெறும் “பேசுறாங்களாம்” என்றுதான் இருந்தது. இறப்பர்ப் பால் நிறுக்கும் ஸ்டோருக்கு வந்தபோது “பேசி முடிச்சிட்டாங்களாம்” ஆயிற்று. புளத்கொகுபிட்டிய பஸ்ஸில் ஏறியபோது, முதல் இரண்டு வருடம் இவர் மெம்பர், கடைசி இரண்டு வருடம் அவர் மெம்பர் என்று கையெழுத்தே ஆகிவிட்டது. டவுனில் இறங்கும்போது ஓர் ஆடும் அறுபட்டிருந்தது. தலை யார் பங்குக்குப் போனது என்பதில் மட்டும்தான் இரண்டு கருத்து.

பிரதேச சபைத் தேர்தல் நெருங்கிவிட்ட வேளை. எதிரெதிராக நிற்கிற இருவர் ஒன்றாக உட்கார்ந்து ஆட்டுக்கறி தின்கிறார்கள் என்றால் சும்மா விடலாமா? பொய்யா மெய்யா என்று பார்க்க வேண்டுமானால் கீழ்க்கணக்குச் சந்தியில் இறங்கி, மெயின் ரோட்டோரமாக முதலில் வரும் வீட்டுக்குப் போக வேண்டும். போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது இது: ஆடு பொய். அந்த வீட்டில் ஒரு கோழிகூட மிரண்ட அடையாளம் இல்லை. ஆனால் ஒரே அறை என்பது மெய். ஒரே கேத்தல் தேநீர் என்பதும் மெய்.

விசாரிக்க வந்தவர்கள் எல்லாருக்கும் செலினாக்கா வாசலைக் கூட்டியபடியே ஒரே வரவேற்புத்தான் சொன்னார்.

“காலத் தொடச்சிட்டு வாங்க. வர்றப்போ அந்தப் பாராளுமன்றத்தச் சாத்திட்டு வாங்க, சாரல் அடிக்குது.”

பாராளுமன்றம் என்பது ஒரு ஜன்னல்.

செலினாக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. முப்பது வருடம் இறப்பர் மரத்தில் பால் வெட்டியவர். மரத்தை நேராக வெட்டினால் பட்டுப்போகும், சாய்வாகக் கீறினால்தான் பால் சொட்டும் என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். மனிதர்களிடமும் அவர் அப்படித்தான். நேராக ஒன்றும் கேட்கமாட்டார். ஓரமாக ஒரு கீறு கீறிவிட்டுச் சிரட்டையை வைத்துக் காத்திருப்பார். கணவர் அருமைநாயகம் தோட்டத்தில் வாச்சராக இருந்தவர். காவல் காத்துக் காத்துப் பேச்சு குறைந்துவிட்டது. வீட்டில் இருவருக்கும் சேர்த்து செலினாக்காவே பேசிவிடுவார். ஒரே மகன் லியோன், கேகாலையில் ஒரு பேக்கரியில் பாண் சுடுகிறான்.

அவர் வீட்டுக்கு இத்தனை கிராக்கி வந்த காரணத்தைத் தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோட்டத்தில் தேர்தல் ஆபீஸுக்கு இடம் தேடுவது, பெண் தேடுவதைவிடக் கஷ்டமான வேலை. குடியிருக்கிற லயம் கம்பனிக்குச் சொந்தம். கைப்பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற பிள்ளைக் காம்பரா கம்பனிக்குச் சொந்தம். காலையில் ஆள் பேர் கூப்பிட்டுப் பெரட்டு எடுக்கிற கொட்டகையும் அப்படியே. தோட்டத்து மேனேஜர் துரையிடம் போய்க் கேட்டால், “பொலிடிக்ஸ் கேட்டுக்கு வெளிய” என்று நாய்க்குச் சோறு வைத்தபடி சொல்லிவிடுவார். கோயில் மண்டபத்தைக் கேட்கலாம் என்றால் கோயில் கமிட்டிக்குள்ளேயே நான்கு கட்சி. சந்திக் கடை நஸீம் நானாவோ, கதவைப் பாதி சாத்திக்கொண்டு, “எல்லாக் கட்சிக்காரனும் எங்கிட்டதானே சீனி வாங்குறான், என்னைய ஏன் தம்பி ஒரு கட்சியில தள்ளுறீங்க?” என்று கேட்பார். நூறு வருடமாகக் குடியிருக்கிற மண்ணில், “உள்ள வாங்க” என்று யாரையும் கேட்காமல் சொல்லக்கூடிய வாசல் மிகக் குறைவு.

செலினாக்காவுக்கு அப்படி ஒரு வாசல் இருந்தது. வீடமைப்புத் திட்டம் ஒன்றில் ஏழு பேர்ச் காணி கிடைத்தது. அத்திவாரமும் ஒரு நீள அறையின் மூன்று பக்கமும் எழுந்தன. அப்புறம் திட்டம் போய்விட்டது, திட்டத்தோடு வந்த ஜீப்பும் போய்விட்டது. அந்தத் திட்டத்தின் மற்ற வீடுகள் எல்லாம் மேட்டில் இருக்க, இவருடையது மட்டும் ரோட்டை ஒட்டி அமைந்தது. அதன் பெறுமதி அவருக்கு நன்றாகத் தெரியும்.

“ஓட்டுக் கேக்குறவன் மேடு ஏறுவான். ஓட்டுப் போடுறவன் ஏறமாட்டான். ஆபீஸுன்னா ரோட்டுலதான் இருக்கணும்.”

வாடகை என்று ஒரு சதம் வாங்கமாட்டார். “காசு வாங்குனா வாடகைக்காரி, வேலை வாங்குனா வீட்டுக்காரி” என்பது அவர் கொள்கை. ஆபீஸ் போடுகிற கட்சி, போகும்போது வீட்டில் ஏதாவது ஒன்றைக் கட்டிவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான் ஒப்பந்தம். இரண்டாயிரத்துப் பதினெட்டில் பிரதேச சபைத் தேர்தல் வந்தது, கொல்லையில் கக்கூஸ் வந்தது. அடுத்த வருடம் ஜனாதிபதித் தேர்தலுக்குக் கூரைத் தகரம். அதற்கடுத்த பாராளுமன்றத் தேர்தலுக்குக் கண்ணாடி போட்ட ஜன்னல். ஒவ்வொன்றையும் அதனதன் தேர்தல் பெயராலேயே அந்த வீட்டில் அழைத்தார்கள். முதன்முதலாக வருகிறவர்களுக்குத் திகைப்பாகத்தான் இருக்கும்.

“ஜனாதிபதி ரெண்டு எடத்துல ஒழுகுது, ஒரு வாளிய வைங்க” என்று சமையல் மூலையிலிருந்து செலினாக்கா சத்தம் போடுவார். கொல்லைப் பக்கம் அவசரமாகப் போகிற விருந்தாளியை அருமைநாயகம் கை நீட்டித் தடுப்பார். “பிரதேச சபையில ஆளு இருக்கு. செத்த இருங்க.”

இந்த வளர்ச்சிப் பாதையில் ஒரே ஒரு சறுக்கல், இரண்டாயிரத்து இருபத்து மூன்று. அந்த வருடம் பிரதேச சபைத் தேர்தல் அறிவித்தார்கள். நீள அறையைக் குறுக்கே தடுத்து இரண்டாக்கும் சுவர் ஒன்றுக்கு செலினாக்கா பேசி வைத்தார். கல் வந்து இறங்கிச் சுவர் இடுப்பு உயரத்துக்கு எழுந்தபோது, அரசாங்கத்திடம் காசு இல்லை என்று தேர்தல் தள்ளிப்போய்விட்டது. தேர்தல் நின்ற இடத்தில் சுவரும் நின்றது. சுவர் நின்ற இடத்தில் கல்யாணமும் நின்றது.

லியோனுக்கு அப்போதுதான் ரம்புக்கனைப் பக்கத்தில் ஸ்டெபானியைப் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் தாய் கேட்டது நகை அல்ல, ரொக்கம் அல்ல. “புதுசா வாழப்போற பிள்ளைகளுக்கு நாலு பக்கமும் சுவர் இருக்குற ஒரு ரூம்” என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி. மூன்றரைச் சுவரைக் காட்டி செலினாக்கா என்ன பதில் சொல்வது? “தேர்தல் வச்ச ஒடனே கல்யாணம்” என்றார். அரசியல்வாதிகள்கூட அப்படி ஒரு வாக்குறுதி தந்ததில்லை.

அடுத்த வருடம் பெரிய தேர்தல்கள் இரண்டு வந்தன. ஆனால் அவற்றின் ஆபீஸ்கள் டவுனோடு நின்றுவிட்டன. கீழ்க்கணக்குக்கு வந்து சேர்ந்தது ஒரு பெரிய பிளெக்ஸ் படம் மட்டும். கைகூப்பிச் சிரிக்கும் யாரோ ஒரு வேட்பாளர். அதையாவது வீணாக்குவானேன் என்று செலினாக்கா அரைச்சுவருக்கு மேலே கூரைவரை கட்டி இடைவெளியை மறைத்துவிட்டு, சம்பந்தியம்மாவை அழைத்துக் காட்டினார். அந்த அம்மாள் படத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

“இந்த ஆளு ராத்திரியெல்லாம் சிரிச்சிக்கிட்டே பாத்துக்கிட்டிருப்பாரு. எம்மக எப்பிடித் தூங்குவா?”

பிளெக்ஸ் அன்றைக்கே இறங்கி விறகை மூடப் போனது.

இப்படியாகத்தான் இரண்டாயிரத்து இருபத்தைந்தில், தள்ளிப்போன பிரதேச சபைத் தேர்தலுக்கு மறுபடி நாள் வைத்ததும், நாட்டிலேயே அதிகம் சந்தோஷப்பட்ட ஆள் செலினாக்கா ஆனார்.

முதலில் வந்தவர் சுரேந்திரன். தொழிற்சங்க ஆள், கையில் எப்போதும் இரண்டு போன். ஒரு வாரம் இடம் தேடி அலைந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நல்ல எடம்க்கா. ஜெயிச்சதும் மொத வேலை ஒங்க சுவருதான்” என்றார்.

செலினாக்காவுக்குச் சுருக்கென்றது. ஜெயித்த பிறகு வருகிறவர்களும் இல்லை, தோற்ற பிறகு வருகிறவர்களும் இல்லை என்பது இத்தனை தேர்தலில் அவர் கண்ட உண்மை. கக்கூஸும் தகரமும் ஜன்னலும் தேர்தலுக்கு முன் வந்தவை. “மொதல்ல கட்டிரு தம்பி” என்று கேட்டிருக்கலாம். ஆனால் அது நேராக வெட்டுவது.

“ஹரி ஹரி” என்று சிங்களத்தில் சரி சொல்லி, “முன்பக்கத்த எடுத்துக்க” என்றார்.

மறுநாள் சுமன் வந்தான். சந்தியில் போன் ரீலோட் கடை வைத்திருக்கிற பையன், சுயேச்சைக் குழுவுக்குத் தலைமை வேட்பாளன். அவனும் எல்லா இடமும் அலைந்துவிட்டுத்தான் வந்தான். அவனும் “ஜெயிச்சதும்” என்றுதான் ஆரம்பித்தான். செலினாக்கா அவனுக்கு அரைச்சுவருக்கு அந்தப் பக்கத்தைக் கொடுத்துவிட்டார். அந்தப் பக்கத்துக்கு முற்றத்திலிருந்து தனி வாசல் இருந்தது.

சாயங்காலம் சுரேந்திரன் வந்து பார்த்தபோது, தன் மேசைக்கு நேரெதிரே சுவருக்கு மேலாக சுமனின் தலை தெரிந்தது.

“என்னக்கா இது?”

“நீ முன்பக்கந்தானே கேட்ட? பின்பக்கம் சும்மாதானே கெடக்கு?”

இரவு சோறு போடும்போது அருமைநாயகத்திடம் மட்டும் கணக்கை விளக்கினார். “எதிரி காதுல விழுற தூரத்துல உக்காந்து எவன் அரசியல் பேசுவான்? பாத்துக்கிட்டே இருங்க. நாளைக்கோ நாளன்னைக்கோ சுவர ஏத்திருவானுங்க. தானா ஏத்துவானுங்க.”

“ஏத்தலைன்னா?”

“ஏத்துவானுங்க.”

ஏற்றவில்லை. முதல் நாள் இரண்டு பக்கமும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள் என்பது உண்மை. அப்புறம் மழை பிடித்தது. சுவரொட்டிக்குப் பசை காய்ச்ச சுரேந்திரன் ஆட்களிடம் சட்டி இருந்தது, மா இல்லை. சுமன் ஆட்களிடம் மா இருந்தது. அரைச்சுவர் மேல் சட்டி ஏறியது. பிறகு தேநீர்க் கிளாஸ்கள் ஏறின. பிறகு சுமன் கடையிலிருந்து ஒரு மேசை விசிறியைக் கொண்டுவந்து சுவரின் நடுவில் வைத்தான். அது தலையை ஆட்டி ஆட்டி இந்தக் கட்சிக்குக் கொஞ்சம் காற்று, அந்தக் கட்சிக்குக் கொஞ்சம் காற்று என்று வேற்றுமை பார்க்காமல் வீசியது. பிற்பகல்களில் இரண்டு கட்சியும் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு துரையைத் திட்டின. அதில் கொள்கை வேறுபாடு ஒன்றும் இல்லை.

செலினாக்கா பதறிப்போனார். மனிதர்களைச் சமாதானப்படுத்துவதற்குத் தோட்டத்தில் ஆள் உண்டு. சண்டை மூட்டுவதற்கு அவரேதான் இறங்க வேண்டியிருந்தது.

சுரேந்திரனுக்குத் தேநீர் வைக்கும்போது மெல்லச் சொன்னார். “சுமன் ஒன்னயப் பத்தி ஒரு பேச்சுப் பேசுனான் தம்பி. எனக்கே மனசு கேக்கல. ரெண்டு போன் வச்சிருக்காரு, ரெண்டுலயும் காசு இல்லைன்னு…”

சுரேந்திரன் சுவருக்கு மேலாகக் கத்தினார். “டேய் சுமன்! உண்மையத்தான்டா சொல்லியிருக்க. ஒரு நூறு ரூவா ரீலோட் போடு!”

ரீலோட் சுவர் தாண்டி வந்தது.

அடுத்த நாள் சுமனைப் பிடித்தார். “ஒன் போஸ்டர்ல இருக்குற படம் பத்து வருசத்துக்கு முந்தி எவன் கல்யாணத்துலயோ எடுத்ததுன்னு சுரேந்திரன் சிரிக்கிறாரு.”

“ஆமாக்கா,” என்றான் சுமன். “அவரு கல்யாணத்துலதான் எடுத்தது.”

“எதிரியாட்டம் இருங்கடா!” என்று செலினாக்கா ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டார். இரண்டு கட்சியும் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தன.

அந்த வாரத்தில்தான் சம்பந்தியம்மா சொல்லாமல் வந்து நின்றார். வாசலில் இரண்டு கொடி, உள்ளே இரண்டு கூட்டம், நடுவே தலையாட்டும் விசிறி.

“இது கல்யாண வீடா, கச்சேரியா?” என்று கேட்டார். உட்காரவில்லை. “செலினா, கோவிச்சுக்காதீங்க. எம்மகளுக்கு இருபத்தெட்டு முடியுது. கொழும்புல வேலை பாக்குற பையன் வீட்டுல இருந்து கேட்டு வந்திருக்காங்க. ஜூன் வரைக்கும் பாக்குறேன்.”

தேநீர் குடிக்காமலே போய்விட்டார். சுவர் மேல் ஆறிக்கொண்டிருந்த அந்தக் கிளாஸை யாரும் எடுக்கவில்லை.

லியோன் போனில், “நானே லீவு போட்டு வந்து சாக்கு கட்டுறேம்மா” என்றான்.

“சாக்கு கட்டுனா மாடுதான்டா வரும், மருமக வரமாட்டா” என்று வைத்துவிட்டார். சற்று நேரத்தில் ஸ்டெபானியே போன் போட்டாள். “மாமி, எனக்குச் சாக்கு கட்டுனாலும் பரவாயில்ல. அம்மாதான்…” என்றவள் மேலே சொல்லாமல் மூக்கை உறிஞ்சினாள். செலினாக்கா போனை வைத்துவிட்டுப் போய் அரைச்சுவரின் மேல் கையை உயர்த்திப் பார்த்தார். கைக்கு மேலும் இடம் இருந்தது.

மறுநாள் காலையில் குடத்தோடு பீலிக்குப் போனார். தங்கம்மா வரும்வரை குடத்தைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். ரேடியோ எடுக்காத லயத்திலும் தங்கம்மா எடுப்பார் என்பது தோட்டம் அறிந்த விஷயம்.

“நீ யாருகிட்டயும் சொல்லமாட்டன்னுதான் சொல்றேன் தங்கம்மா. எங்க வீட்டுல ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து பேசுறாங்க. சிரிக்கிறாங்க. ஒரே கேத்தல்ல டீ. என்ன பேசுறாங்கன்னு நமக்கு எதுக்கு?”

அதில் பொய் ஒன்றும் இல்லை. அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவும் இல்லை. அதனால்தான் டவுனிலிருந்து விசாரிக்க வந்தவர்கள் ஆட்டைப் பற்றிக் கேட்டபோது, விளக்குமாற்றை நிறுத்திவிட்டு, “ஐயையோ, ஆட்ட மட்டும் நான் சொல்லலைங்க” என்று தன்னையே காட்டிக்கொடுத்துவிட்டார்.

கதை டவுனுக்குப் போய், டவுனிலிருந்து மேலிடத்துக்குப் போய், மேலிடத்திலிருந்து போன்களாகத் திரும்பி வந்தது. சுரேந்திரனுக்கு இரண்டு போனும் ஒன்றாக அடித்தன. அதே நிமிடம் சுமனுக்கும் அடித்தது. ஒருவர் முன்வாசலுக்கும் ஒருவர் முற்றத்துக்கும் ஓடினார்கள். இரண்டு பக்கமும் ஒரே பாட்டுக் கேட்டது: “இல்லைங்க ஐயா… ஆடெல்லாம் இல்லைங்க… ஒடனே சுவர் கட்டிர்றோங்க ஐயா.”

செலினாக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டார்.

மறுநாள் கல்லும் சீமெந்தும் இரண்டு லேண்ட்மாஸ்டர் டிராக்டரில் வந்தன. சுவர் வைக்கப் பழனியாண்டி மேசன் பாஸ் வந்தார். உடனே பிரச்சினையும் வந்தது. சுரேந்திரன் கட்டினால் அது சுரேந்திரன் சுவர். அதற்குப் பின்னால் சுமன் உட்கார்ந்தால் மேலிடம் என்ன நினைக்கும்? சுமன் கட்டினாலும் இதே கேள்வி. கடைசியில் பழனியாண்டி பாஸ்தான், ஒரு வரி அவர் கல், ஒரு வரி இவர் கல் என்று தீர்ப்புச் சொன்னார்.

“செலவுக் கணக்குக் காட்டணுமேக்கா, இத என்னன்னு போடுறது?” என்று சுமன் கவலைப்பட்டான்.

“கூட்டம்னு போடு தம்பி. சுவர் கட்டக் கூட்டம் கூடிருக்குல்ல?”

விசிறி இறங்கியது. கிளாஸ்கள் இறங்கின. முதல் இரண்டு வரியை இரு தரப்பும் சிரித்துக்கொண்டேதான் வைத்தன. கல்லைக் கைமாற்றிக் கொடுத்தார்கள். சுவர் நெஞ்சுக்கு வந்தபோதும் பேச்சு இருந்தது. கழுத்தைத் தாண்டி, ஆளுக்கு ஆள் முகம் மறைந்ததும் குரல் தடித்தது.

“யாருடா அங்க, என்னோட கல்ல எடுத்தது?”

“ஒங்க கல்லுல பேரா எழுதியிருக்கு?”

“பேரு எழுதலைன்னா ஒன் கல்லாயிருமா? கள்ளப் பயலே!”

முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். சுவரைப் பார்த்துச் சொன்னதால் உறைத்தது. கூரைக்கு ஒரே ஒரு வரி பாக்கி இருக்கும்போது அது யார் வரி என்று தகராறு வந்தது. சுரேந்திரன், “நான் ஒரு வரி கூடக் கொடுத்துட்டேன்” என்றார். சுமன், “இனி ஒரு கல்லு வைக்கமாட்டேன்” என்றான். இரண்டு லேண்ட்மாஸ்டரும் மிச்சக் கல்லை ஏற்றிக்கொண்டு இரண்டு பக்கமாகப் போயின. அடுத்த நாளோடு பிரசாரம் முடிவு. ஆபீஸ்களைக் கழற்ற வேண்டும். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கட்டப்போவதில்லை.

செலினாக்கா ஆசைப்பட்ட பகை கடைசியில் வந்தேவிட்டது. ஒரு வரி முந்தி வந்துவிட்டது.

சுவருக்கும் ஜனாதிபதிக்கும் நடுவே ஒரு நீளச் சந்து திறந்து கிடந்தது. அந்தச் சந்தை சம்பந்தியம்மா பார்த்தால் என்ன சொல்வார் என்று அவருக்குத் தெரியும். “ஏணி வச்சுப் பாத்தா தெரியுந்தானே?” பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ரோட்டு வளைவில், சர்ச் பங்கு இளைஞர்கள், மாதா சுரூபத்துக்குக் குகை போல ஒரு கெபி கட்டுவதற்காகக் கல் அடுக்கி வைத்திருந்தார்கள். திருவிழாவுக்குள் கட்டி முடிக்க வேண்டிய கெபி. சுரூபத்தை இப்போதைக்கு ஒரு பெட்டி மேல் வைத்து, மழைக்குத் தகரம் சாய்த்திருந்தார்கள்.

ஊர் அடங்கியதும் செலினாக்கா ஒரு சாக்கை எடுத்தார். அருமைநாயகத்தையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

“இது களவு புள்ள,” என்றார் அருமைநாயகம், வாழ்நாள் முழுக்கக் களவு பிடித்தவர்.

“கடன். மாதாகிட்டச் சொல்லிட்டுத்தான் எடுக்குறேன்.”

“மாதா என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. அப்ப சம்மதந்தானே?”

ஆறு கல் தேவைப்பட்டது. மூன்று நடை நடந்தார்கள். விடிந்ததும் பழனியாண்டி பாஸ் வந்து கல்லைத் தட்டிப் பார்த்து, “இது யாரு வரி செலினாக்கா?” என்று கேட்டார்.

“மேலிடத்து வரி. வைங்க பாஸ்.”

அவர் கட்சி மேலிடம் என்று நினைத்துக்கொண்டு வைத்துப் பூசிவிட்டுப் போனார்.

தேர்தலில் சுரேந்திரனும் தோற்றார், சுமனும் தோற்றான். ஜெயித்தவர் கீழ்க்கணக்கில் ஆபீஸே போடாதவர். கதிரைகளை எடுத்துப் போக சுமன் காலையில் வந்தான். சுரேந்திரன் பின்னேரம் வந்தார். “அவன் வந்துட்டுப் போயிட்டானாக்கா?” என்று மட்டும் கேட்டார். செலினாக்கா ஊற்றிய தேநீரை நின்றபடியே குடித்தார். கிளாஸை வைக்க வழக்கமான இடத்தைத் தேடிய கை, முழுச்சுவரில் முட்டிக்கொண்டு கீழே இறங்கியது.

சம்பந்தியம்மா வந்து சுவரை மோதிர விரலால் மூன்று இடத்தில் தட்டிப் பார்த்தார். மேலே அண்ணாந்து பார்த்தார். எட்டிப் பார்க்க ஒரு விரல் நுழையும் சந்துகூட இல்லை. “ம்” என்றார். ஜூன் கடைசியில் கல்யாணம் நடந்தது. புது மருமகள் இப்போது அந்த அறையில் இருந்துகொண்டு, “மாமி, பாராளுமன்றத்துக்கு ஒரு கர்ட்டன் போடுவமா?” என்று கேட்கிறாள்.

பாதர் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தின் முடிவில், கெபிக் கல் கொஞ்சம் குறைந்திருப்பதாகவும், எடுத்தவர்கள் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டால் போதும், யாரும் கேட்கமாட்டார்கள் என்றும் சொன்னார். செலினாக்கா எல்லாரையும் போலவே திரும்பிப் பார்த்தார். மாகாண சபைத் தேர்தல் வந்ததும் முதல் வேலை அந்த ஆறு கல்தான் என்று மாதாவிடம் சொல்லி வைத்திருக்கிறார். மாகாண சபைத் தேர்தல் வருடக்கணக்காகத் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது என்பது மாதாவுக்கும் தெரிந்திருக்கும்.

கெபியைக் காத்திருக்க வைக்க முடியாது. திருவிழா வந்துவிட்டது. இளைஞர்கள் இருந்த கல்லை வைத்துக் கட்டி முடித்தார்கள். நினைத்திருந்ததைவிட ஒரு வரி தாழ்வாகத்தான் எழுந்தது. அதனால் கீழ்க்கணக்கு மாதா வானத்தைப் பார்க்கிற உயரத்தில் இல்லை. ரோட்டில் நடந்து போகிறவர்களின் கண்ணுக்கு நேராக நிற்கிறார்.

செலினாக்கா இப்போதும் தினம் சந்திக்குப் போகிறார். வளைவு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், மழை இல்லாத நாளிலும் குடையை விரிக்கிறார். விரித்து, வெயில் அடிக்கிற பக்கத்தை விட்டுவிட்டு, மாதா நிற்கிற பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, காலை எட்டிப் போட்டுக் கடக்கிறார்.